கொட்டித் தீர்த்துடுங்க

மாடி பூராம் பாத்துட்டீங்களா அம்மிணி? பாத்ரூம்ல பைப்பைத் திருகிப் பாத்தீங்களா? தண்ணி நல்லா வரும். உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு பக்கம் ஆடும், இதுல உக்காருங்க. ஹால்ல ஒரு செவுரு மட்டும் அரளிப்பூ கலர்ல இருக்குதே, என்னடா இதுன்னு நெனச்சிருப்பீங்க. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. நீங்க வாய் விட்டுக் கேக்கல, அவ்வளவுதான். வெள்ளை அடிச்சுக் குடுத்தர்றேன், கவலைப்படாதீங்க. அது பசங்க அடிச்சது. டிரைலருக்காக அடிச்சது.

சொல்றேன் இருங்க. குக்கர் வெச்சிருக்கறேன். நடுவுல எந்திரிச்சுப் போனா தப்பா நெனச்சுக்காதீங்க. என்னால ஒரே எடத்துல உக்கார முடியாது, அது என்ற சுபாவம்.

போன வருசம் ஆடி முடிஞ்ச கையோட ரெண்டு பசங்க மேல குடி வந்தாங்க. ஒருத்தன் தர்ஷன், இன்னொருத்தன் அஸ்லம். காலேஜ்ல சினிமா, டிவி, கேமரா இதெல்லாம் சொல்லிக் குடுப்பாங்களாம், அந்தப் படிப்பு. கடைசி வருசம். தர்ஷன் ஒரு நிமிசம் சும்மா நிக்க மாட்டான். பேசறப்ப ஹாலுக்கும் மொட்டைமாடிக்கும் நடந்துட்டே இருப்பான். கீழ இருக்கற எனக்கு என்ற தலை மேலயே நடக்கற மாதிரி இருக்கும். அஸ்லம் அதுக்கு நேர் எதிரு. வாயே திறக்க மாட்டான், கேமராவும் கையுமா ஒரு மூலைல உக்காந்திருப்பான். கூடப் படிக்கற புள்ள ஒண்ணு, மிருதுளான்னு பேரு, பகல்ல வந்துட்டுப் போகும். மொதல்ல நான் அதெல்லாம் வேண்டாம்னுட்டேன். அப்புறம் ஒருநா அந்தப் புள்ளையக் கீழ கூப்பிட்டு உக்கார வெச்சு, அப்பா என்ன பண்றாரு, அம்மா என்ன பண்றாங்கன்னு எல்லாம் விசாரிச்சேன். அப்பா கூட இல்லியாம். இன்னொரு குடும்பமாம் திருப்பூர்ல. பாவமாப் போச்சு. சரி வந்துட்டுப் போ கண்ணுன்னு விட்டுட்டேன். இது நமக்குள்ள இருக்கட்டும், அந்தப் புள்ள என்னை நம்பிச் சொன்னது.

மத்தியானம் டிவில 'கொட்டித் தீர்த்துடுங்க'ன்னு ஒண்ணு வருமே, பாப்பீங்களா? வேலைக்குப் போறவங்க எங்க பாக்கறது. குடும்பத்துல பேச்சுவார்த்தை இல்லாம இருக்கறவங்களைக் கூட்டீட்டு வந்து எதிரெதிர்ல உக்கார வெப்பாங்க. நடுவுல ஒரு மேடம். கையில கர்சீப் வெச்சுட்டு, 'கொட்டித் தீர்த்துடுங்கம்மா, மனசுல வெச்சுக்காதீங்க'ன்னு கேப்பாங்க. அவிங்க கேக்கற தோரணைல கல்லும் பேசிரும். அண்ணனும் தம்பியும் சட்டையப் புடிச்சுக்குவாங்க, மாமியா மயக்கம் போட்டு விழுகும், கடைசில எல்லாரும் கட்டிப் புடிச்சுட்டு அழுவாங்க. நானும் அழுவேன். ஒரு நாள்கூட விட்டதில்ல.

ஒருநா அது முடிஞ்சு டிவிய அமத்தறேன், மேல ஒரே சத்தம். 'பெத்தா மட்டும் அம்மாவாயிர முடியுமா?'ன்னு மிருதுளா கத்துது. 'ஊட்ட விட்டு வெளிய போடி'ன்னு தர்ஷன் கத்தறான். ஐயோ, என்ற ஊட்டுல என்னமோ நடந்து போச்சுன்னு, கையில இருந்த தோசைக் கரண்டியோட ஓடினேன். போய்ப் பாத்தா தர்ஷன் என்ற பழைய சேலையச் சுத்தீட்டு நிக்கறான். கொடில காயப் போட்டிருந்த சேலை! எனக்குக் கோவம் வந்த வேகத்துல கரண்டிய ஓங்கீட்டேன்.

"ஆன்ட்டி, ஆன்ட்டி, ரிகர்சல் ஆன்ட்டி!" அப்பிடீங்கறான்.

"என்ன ரிகர்சல்?"

"'கொட்டித் தீர்த்துடுங்க' தெரியுமா? அதுக்கு ஒரு டிரைலர் பண்றோம். காலேஜ்ல போட்டி."

மிருதுளா, "கிண்டலா பண்ற டிரைலர் ஆன்ட்டி"ன்னு ஆரம்பிச்சுது. தர்ஷன் அந்தப் புள்ளைய முழங்கையால இடிச்சான். நான் அதையெல்லாம் காதுல வாங்கல. என்ற நிகழ்ச்சிக்கு என்ற ஊட்டு மாடில டிரைலர்! சேலைய மடிச்சுத் திருப்பித் தர்றேன்னான், அட வெச்சுக்கோ கண்ணுன்னுட்டேன்.

அதுக்கப்புறம் நான் கீழ எங்க இருந்தேன், மேலதான் இருந்தேன். அவிங்க போன்ல பழைய நிகழ்ச்சியப் போட்டுப் போட்டுப் பாப்பாங்க. நான் பக்கத்துல உக்காந்துட்டு, இவிங்க சேலத்துக்காரங்க, இந்த மருமக அடுத்த வாரம் மறுபடியும் வருவா, இந்த அண்ணன் பொய் சொல்றான்னு எல்லாம் சொல்லுவேன். தர்ஷன் அதையெல்லாம் எழுதிக்குவான். 'ஆன்ட்டி, மேடம் எப்ப கர்சீப்பை எடுப்பாங்க?'ம்பான். 'யாராவது அம்மான்னு சொன்ன உடனே எடுப்பாங்க'ம்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாங்க. மிருதுளாதான் மேடமா நடிக்கறதாம். கர்சீப் பத்தாது, துண்டு வெச்சுக்கலாம்னு மிருதுளா. துண்டும் பத்தாது, பக்கெட்டு வெச்சுக்கலாம், அதுல புழிஞ்சு புழிஞ்சு ஊத்தலாம்னு தர்ஷன். எதுக்குச் சிரிக்கறாங்கன்னு எனக்குப் புரியாது. வயசுப் புள்ளைங்க, எல்லாத்துக்கும் சிரிக்குதுங்கன்னு நெனச்சுக்குவேன். ஒருநா நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், ஹால் செவுரு அரளிப்பூ கலரா நிக்குது. அந்த நிகழ்ச்சில மேடம் பின்னால இருக்கற அதே கலரு. திட்டலாம்னுதான் வாயத் திறந்தேன். அச்சு அசலா இருந்துச்சு அம்மிணி. திட்ட வரல.

இருங்க, விசில்.

இந்தாங்க, காப்பி. ஆங், எங்க விட்டேன்? அம்மா வேசம். தர்ஷன் சேலையக் கட்டீட்டு நடிச்சா எடுபடலியாம். "ஆன்ட்டி, நீங்களே பண்ணுங்களேன்"ன்னான். நான் மாட்டவே மாட்டேன்னு ரெண்டு நாள் சொன்னேன். மூணாம் நாள் தலைக்குச் சாயம் போட்டுட்டுப் போய் நின்னேன்.

கதை என்னன்னு கேட்டேன். அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரு இட்லித் தட்டுனால சண்டையாம். பொண்ணு கல்யாணம் ஆகிப் போறப்ப இட்லித் தட்டை எடுத்துட்டுப் போயிட்டாளாம், அன்னைல இருந்து பேச்சு இல்லியாம். நான் கேமராவைப் பாத்து 'என்ற இட்லித் தட்டு!'ன்னு அலறி மயக்கம் போட்டு விழோணும். மறுபடி எந்திரிச்சு மறுபடி விழோணும். தரைல தலகாணி போட்டு வெச்சிருந்தாங்க. நானும் விழுந்தேன். அடுத்த தடவை விழறதுக்கு முன்னால தலகாணி இருக்குதான்னு திரும்பிப் பாத்துட்டு விழுந்தேன். தர்ஷன் கை தட்டறான், "சூப்பர் ஆன்ட்டி, அந்தத் திரும்பிப் பாக்கறதை அப்பிடியே வெச்சுக்கங்க"ங்கறான்.

எனக்கு மனசு ஒப்பல. எந்திரிச்சு உக்காந்து சொன்னேன்: "ஏங்கண்ணு, இட்லித் தட்டுக்காக எந்தப் பொண்ணாவது பெத்தவகிட்டப் பேசாம இருப்பாளா? நெசமா எப்பிடி இருக்கும்னு நான் சொல்றேன் கேளுங்க."

மிருதுளா அந்த மேடம் மாதிரியே குரலை மாத்தி, "கொட்டித் தீர்த்துடுங்கம்மா"ன்னுச்சு. விளையாட்டுக்குத்தான் சொன்னது. நான் கொட்டீட்டேன்.

எனக்கு ஒரே புள்ள அம்மிணி. பிரதீபா. அவங்கப்பா போனதுக்கு அப்புறம் நானே பாத்துப் பாத்து உடுமலைல கட்டிக் குடுத்தேன். எட்டு மாசத்துல பெட்டியத் தூக்கீட்டு வந்து நின்னா. என்ன கண்ணு, அடிச்சானா? இல்ல. குடிச்சானா? இல்ல. ஒரு வாரம் வாயே திறக்கல. அப்புறம் ஒருநா என்ற மடில தலைய வெச்சுட்டுச் சொன்னா. அந்தப் பையன் அவளைத் தொடவே இல்லியாமுங்க. எட்டு மாசமும். அவனுக்கு மனசு வேற பக்கமாம். 'அம்மா, இது உனக்கும் எனக்கும் மட்டும்'னா. சரீன்னேன்.

ஆனா நீங்களே சொல்லுங்க. பக்கத்து ஊட்டு லோகம்மாக்கா வந்து, 'ஏன் வசந்தாமணி, உன்ற புள்ள சமைக்கத் தெரியாம வந்துட்டாளாமா? மாமியாளை எதுத்துப் பேசினாளாமா?'ன்னு கேக்கறாங்க. எம்புள்ள மேல பழி வருது. நான் வாயை மூடீட்டு இருக்கறதா? அவ மேல தப்பில்லைன்னு தெரியோணும்ல? லோகம்மாக்காகிட்டச் சொன்னேன். கோயில்ல ரெண்டு பேருகிட்டச் சொன்னேன். பொள்ளாச்சில என்ற நாத்தனார்கிட்டப் போன்ல சொன்னேன், அவ சொந்தக்காரி, அவகிட்டச் சொல்லாம எப்பிடி? அவ்வளவுதான். பால்காரர் அவராக் கேட்டாரு. நான் ஊரெல்லாம் சொல்றவ இல்ல.

அந்தத் தை மாசம் நாத்தனார் ஊட்டுக் கிரகப்பிரவேசம். போயிருந்தோம். பந்தில ஒரு அம்மா, யாருன்னே தெரியாது, பிரதீபா கன்னத்தைத் தடவி, 'தொடவே இல்லியாமே சாமி, இப்பிடி ஒரு கொடுமையா'ன்னு அழுதாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. பிரதீபா எலைய மூடீட்டு எந்திரிச்சா. அடுத்த நாள் ஓசூருக்குப் போயிட்டா, அங்க ஒரு கம்பெனில வேலை. ரெண்டு வருசம். நான் போன் பண்ணினா எடுக்க மாட்டா. நான் எம்புள்ளைக்காகத்தான் பேசினேன், எம்புள்ளையே எங்கிட்டப் பேசல.

இதையெல்லாம்தான் மாடில உக்காந்துட்டுச் சொன்னேன். சொல்லி முடிச்சுப் பாக்கறேன், யாரும் சிரிக்கல. மிருதுளா தோள்ல இருந்த துண்டை எடுத்து மூஞ்சிய மூடீட்டு இருந்துச்சு. தர்ஷன் அஸ்லமைப் பாத்தான். அஸ்லம் கேமராவை அமத்தவே இல்ல.

நான் கீழ வந்துட்டேன். மனசு லேசாயிருச்சு. அந்த நிகழ்ச்சில எல்லாரும் அப்பிடித்தான சொல்லுவாங்க, இப்ப லேசா இருக்குதும்மான்னு. மேல சத்தம் ஆரம்பிச்சுது.

"இதுதான்டி டிரைலர்! மொதல்ல தலகாணில விழறாங்க, எல்லாரும் சிரிப்பாங்க, உடனே இதை வெக்கறோம். அரங்கமே அமைதியாயிரும்!"

"அது அவங்க பொண்ணோட விசயம் தர்ஷன். அந்தக்காவைக் கேட்டியா?"

"ஆன்ட்டிதான் அவங்களா சொன்னாங்க!"

"நான் கொட்டுங்கன்னு சொன்னதாலதான் சொன்னாங்க. அந்த நிகழ்ச்சியக் கிண்டல் பண்ண வந்துட்டு அதையேதான் பண்ணப் போறமா?"

ஒரு சேர் விழுந்த சத்தம் கேட்டுச்சு. நான் கீழ வெண்டைக்காய் நறுக்கீட்டே, பரவால்ல, இன்னைக்கு ரிகர்சல் நல்லாப் பண்றாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். மிருதுளா படியில எறங்கி வர்றப்ப மூஞ்சியெல்லாம் செவந்து கெடந்துச்சு. அப்பத்தான் ரிகர்சல் இல்லைன்னு தெரிஞ்சுது.

"ஆன்ட்டி, பிரதீபாக்கா நம்பர் குடுங்க."

"எதுக்கு கண்ணு? அவ எடுக்க மாட்டா."

"நான் பண்றேன். குடுங்க."

எனக்கு ஒரு ஆசை. அந்த நிகழ்ச்சிலயும் இப்பிடித்தான், அவிங்களே போன் பண்ணிக் கூட்டீட்டு வருவாங்க. குடுத்தேன்.

அந்த ஞாயித்துக்கெழமையே வந்துட்டா அம்மிணி. கேட்டைத் திறக்கற சத்தம் கேட்டு எட்டிப் பாத்தா எம்புள்ள. எளச்சிருந்தா. முடியக் கட்டையா வெட்டியிருந்தா. நான் வாசல்லயே நின்னுட்டேன். என்னைப் பாத்தா. பாத்துட்டு நேரா மாடிப் படி ஏறிப் போயிட்டா. ரெண்டு வருசம் கழிச்சு வர்றா, அம்மான்னு ஒரு வார்த்தை இல்ல.

காப்பி போட்டுட்டு எடுத்துட்டுப் போனேன். பாதிப் படில நின்னுட்டேன். உள்ள என்ற குரல் கேக்குது. லேப்டாப்புல போட்டுக் காட்டீட்டு இருக்காங்க. என்ற குரல் எனக்கே யாரோ மாதிரி இருந்துச்சு. என்னமா மூச்சு விடாம பேசறா இந்தப் பொம்பளைன்னு தோணுச்சு. கேமரால குரல் மாறித்தான் கேக்கும்னு அஸ்லம் அப்புறம் சொன்னான்.

முடிஞ்சுது. பிரதீபா சொன்னா, "அழிச்சிருங்க."

தர்ஷன், "அக்கா, உங்க பேரு வராம..."ன்னு இழுத்தான்.

"தம்பி, இதை நான் எங்கம்மாவைத் தவிர யாருகிட்டயும் சொன்னதில்ல. என்ற பிரெண்டுக்குக்கூடத் தெரியாது. ஆனா இந்த ஊருல எனக்குத் தெரியாதவங்களுக்கெல்லாம் தெரியும். இப்ப உங்க காலேஜுக்கும் தெரியோணுமா?"

அன்னைக்குத்தான் தர்ஷன் ஒரு எடத்துல அசையாம நின்னு பாத்தேன். அஸ்லம் என்னமோ தட்டினான், லேப்டாப்பை அவ பக்கம் திருப்பி, "எல்லாத்துலயும் அழிச்சாச்சுக்கா. நீங்களே பாத்துக்கங்க"ன்னான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல.

அவ எறங்கி வர்றப்ப நான் படியிலதான் நின்னுட்டிருந்தேன். காப்பில ஆடை படிஞ்சு போச்சு. அவ அந்த டம்ளரை எடுத்து, அந்த ஆறுன காப்பியக் குடிச்சா. குடிச்சுட்டு, "பசிக்குது"ன்னா.

பச்சப்பயிறு கடஞ்சு வெச்சிருந்தேன். போட்டேன். சாப்பிட்டுட்டு இருக்கறப்பவே கேட்டா, "அந்த வீடியோல கடைசில நீ என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்குதாம்மா?"

"என்ன சொன்னேன்? எல்லாத்தையும்தான் சொன்னேன்."

"நான் ரூம்ல லைட்டுப் போடாம உக்காந்திருப்பேன், அதைப் பாக்க முடியாம நீ வெளிய போயிருவே, வெளிய போனா யாராவது கேப்பாங்க, சொல்லீருவேன்னு சொன்னே."

"ஆமா. அப்பிடித்தான நடந்துச்சு."

"நான் இருட்டுல உக்காந்திருந்தது உனக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாதும்மா."

சொல்லீட்டு அழுதா. சோத்துல கைய வெச்சுட்டே அழுதா. நான் அவ முதுகைத் தடவிக் குடுத்தேன். அந்த வார்த்தைல அப்பிடி என்ன இருக்குதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல அம்மிணி. நான் எவ்வளவோ சொல்லியிருந்தேன், அவ மேல தப்பில்ல, அந்தப் பையன் மேலதான் தப்புன்னு எவ்வளவோ. அதையெல்லாம் விட்டுட்டு இதைப் புடிச்சுட்டு அழுகறா.

பொழுதோட பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப என்ற கையப் புடிச்சுட்டுச் சொன்னா, "அம்மா, ஒண்ணே ஒண்ணு. இனிமே என்னைப் பத்தி யாருகிட்டயும் பேசாத. நல்லதுகூடப் பேசாத. அப்பத்தான் நான் உங்கிட்டப் பேச முடியும்." என்ற கொலதெய்வத்து மேல சத்தியம் பண்ணிக் குடுத்தேன்.

டிரைலரை அப்புறம் இட்லித் தட்டை வெச்சேதான் முடிச்சாங்க. தர்ஷனும் மிருதுளாவும் அந்தச் சண்டைக்கு அப்புறம் மூஞ்சி குடுத்துப் பேசிக்கல, அஸ்லம்தான் நடுவுல. காலேஜ்ல போட்டுக் காட்டினாங்க. பட்டுச் சேலை கட்டீட்டுப் போய் மொத வரிசைல உக்காந்தேன். நான் விழுகறேன், அரங்கம் பூராம் சிரிக்குது. மறுபடி விழுகறேன், விசில் அடிக்கறாங்க. ஜனங்களுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல, ஒருத்தி தட்டுக்காக மயங்கி விழுகறா, அதைப் பாத்துச் சிரிக்கறாங்க. மேடை ஏத்தி என்ற கையில ஒரு கப்பும் குடுத்தாங்க. பசங்க படிப்பு முடிச்சுக் காலி பண்ணீட்டாங்க. போறப்ப மிருதுளா, "ஆன்ட்டி, அந்த நிகழ்ச்சில பேசறதெல்லாம் முன்னாலயே எழுதிக் குடுக்கறதுதான், அவங்கெல்லாம் நடிகருங்க"ன்னுச்சு. நான் நம்பல. எழுதிக் குடுத்தா இப்பிடி அழ முடியுமா?

பிரதீபா இப்ப ஞாயித்துக்கெழமை தவறாமப் போன் பண்ணுவா. சாப்பிட்டியா, கால்வலி எப்பிடி இருக்குது, அவ்வளவுதான் பேசுவா. முன்ன மாதிரி மனசு திறக்க மாட்டா. ஆனா போன வாரம் ஒரு சேதி சொன்னா பாருங்க. கூட வேலை செய்யற ஒருத்தரைப் புடிச்சிருக்குதாம். ராய்க்கோட்டைக்காரராம். அவருக்கும் மொதக் கல்யாணம் முறிஞ்சு போச்சாம். இன்னும் முடிவு பண்ணல, பாக்கலாம்னா. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. ஒரு வாரமா யாருகிட்டயும் சொல்லாம தவிச்சுட்டுக் கெடக்கறேன். லோகம்மாக்காகிட்டக்கூட இன்னும் முழுசாச் சொல்லல.

அட, பாருங்க, அவதான் கூப்பிடறா. ஒரு நிமிசம்.

சொல்லு கண்ணு. ஆச்சு, பயிறு வெச்சிருக்கறேன். இல்லியே, தனியாத்தான் இருக்கறேன். பேச்சுச் சத்தமா? அது மேல் ஊடு பாக்க ஒரு அம்மிணி வந்திருக்குது. பேங்க்ல வேலையாம். ஒண்ணும் பேசல. தண்ணி எப்ப வரும்னு கேட்டாங்க, சொல்லீட்டிருந்தேன். நெசமாத்தான். ஏன் அப்பிடிக் கேக்கறே? உன்னைப் பத்தியா? உன்னைப் பத்தி நான் எதுக்குப் பேசறேன்? ஏங்கண்ணு... பிரதீபா?

வெச்சுட்டா. சிக்னல் கெடைக்கல போல.

என்ன எந்திரிச்சுட்டீங்க? காப்பியே குடிக்கல. உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லல நீங்க. ஊட்டுக்காரர் கூட வரலியா? தனியாத்தான் இருக்கப் போறீங்களா? மூஞ்சி ஏன் வாடிப் போச்சு? என்ன இருந்தாலும் எங்கிட்டச் சொல்லலாம் அம்மிணி, என்ற புள்ள மாதிரி நீங்க.

போன் பண்ணிச் சொல்றீங்களா? சரி. பண்ணுங்க. இந்த மாடிக்கு வந்தவங்க எல்லாரும் கேட் பக்கத்துல போய் நின்னு அதையேதான் சொல்லீட்டுப் போறாங்க. ஒருத்தரும் பண்றதில்ல. செவுரு கலரு புடிக்கலியாட்ட இருக்குது. நாளைக்கே ஆள் வெச்சு அடிச்சர்றேன்.